வைக்கோல் செரிமானக் கணக்கில் எந்த நகர்வு வேகத்தைப் போடுவது: 0.02-ஆ, 0.05-ஆ?

நிலா_கால்நடை

எல்லோருக்கும் வணக்கம். கால்நடை உணவியலில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வுக்கு எடுத்திருப்பது நெல் வைக்கோல். ஃபிஸ்டுலா வைத்த (விலாவில் மூடியோடு துளை போட்ட) மூன்று மாடுகளின் ரூமனுக்குள் (முதல் இரைப்பைக்குள்) நைலான் பைகளில் வைக்கோலைப் போட்டு 2, 4, 8, 12, 24, 48, 72 மணி நேரங்களில் எடுத்தேன். கழுவி, உலர்த்தி, எடை பார்த்து, ஓர்ஸ்கோவும் மெக்டொனால்டும் 1979-இல் தந்த சமன்பாட்டில் பொருத்தினேன். எனக்கு வந்த எண்கள் இவை.

அ (கழுவினாலே போய்விடும் பகுதி) 14%. ஆ (மெல்லச் சிதையும் பகுதி) 46%. சி (அந்த ஆ சிதையும் வேகம்) மணிக்கு 0.025. மீதி 40% எத்தனை நாள் கிடந்தாலும் சிதையாது.

இதுவரை குழப்பம் இல்லை. அடுத்த படியில்தான் நின்றுவிட்டேன். பைக்குள் இருக்கும் வைக்கோல் 72 மணி நேரமும் அங்கேயே இருக்கிறது. மாடு தின்ற வைக்கோல் அப்படி இருப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ரூமனை விட்டுக் கீழே நகர்கிறது. அந்த நகர்வு வேகத்தை 'ந' என்று வைத்தால்:

உண்மையில் சிதைவது = அ + ஆ × சி ÷ (சி + ந)

ந = 0.02 போட்டால் 39.6% வருகிறது. 0.05 போட்டால் 29.3%. அதே வைக்கோல், அதே பை, பத்துப் புள்ளி வித்தியாசம். பல கட்டுரைகளில் 0.02, 0.05, 0.08 என்று மூன்றுக்கும் அட்டவணை கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படியே போட்டுவிடலாம். ஆனால் நம் ஊர்க் கட்டுத்தரையில் நிற்கும் மாட்டின் வயிற்றில் எது நடக்கிறது என்பது தெரியாமல் அட்டவணை போட மனம் வரவில்லை. வழிகாட்டுங்கள்.

பழைய_ஆய்வகம்

நிலா, அந்த மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பிரிட்டனின் வேளாண் ஆராய்ச்சி மன்றம் 1984-இல் சொன்னவை அவை. உடலைப் பராமரிக்கும் அளவுக்கு மட்டும் தின்னும் மாட்டுக்கு 0.02. கன்றுகள், ஆடுகள், 15 கிலோவுக்குக் குறைவாகக் கறக்கும் பசுக்கள் ஆகியவற்றுக்கு 0.05. அதற்கு மேல் கறப்பவற்றுக்கு 0.08. எல்லாமே அங்கே கொடுக்கும் தீவனத்தை மனதில் வைத்து, புரதம் எவ்வளவு சிதைகிறது என்று கணக்கிடுவதற்காகச் சொன்னவை.

1979 கட்டுரையும் புரதத்துக்காக எழுதப்பட்டதுதான். அபர்தீனில் ரோவெட் நிறுவனத்தில் இருந்தபோது ஓர்ஸ்கோவுக்கு இருந்த கேள்வி, பிண்ணாக்குப் புரதத்தில் எவ்வளவு ரூமனில் உடைகிறது, எவ்வளவு தப்பிக் குடலுக்குப் போகிறது என்பது. தூளான பிண்ணாக்கும் நீளமான வைக்கோலும் ஒரே வேகத்தில் நகராது. நாம்தான் அந்தச் சமன்பாட்டை வைக்கோலுக்குக் கடன் வாங்கினோம், கூடவே நகர்வு எண்களையும் வாங்கிக்கொண்டோம்.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் கறவை மாட்டு ஊட்டச்சத்து நூலின் 2001 பதிப்பில் உலர்ந்த நார்த்தீவனத்துக்குத் தனிச் சமன்பாடு இருக்கிறது. மணிக்கு எத்தனை சதவீதம் நகர்கிறது என்றால்: 3.362 + 0.479 × (உடல் எடையில் எத்தனை சதவீதம் உலர்பொருள் தின்கிறது) − 0.007 × (அதில் அடர்தீவனச் சதவீதம்) − 0.017 × (அந்தத் தீவனத்தின் என்டிஎஃப், அதாவது நார்ப் பகுதியின், சதவீதம்). இதுவும் அவர்கள் மாடுகளில் கண்டதுதான். ஆனால் மாடு எவ்வளவு தின்கிறது, கூட என்ன தின்கிறது என்பது இதற்குள் இருக்கிறது. மொட்டையாக 0.05 போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

செரிமானச் சதவீதம் வைக்கோலின் சொந்தக் குணம் இல்லை அம்மா. அந்த வைக்கோல், அந்த மாடு, அன்றைக்கு அது தின்ற மற்றவை, இவை எல்லாம் சேர்ந்து போடும் கணக்கு அது. முப்பது வருடம் பாடம் எடுத்தும் இதை மாணவர்கள் மனதில் பதியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வேதிப்பொறி

நான் கால்நடைத் துறை இல்லை, வேதிப் பொறியியல். இந்தச் சமன்பாட்டைப் பார்த்ததும் பழைய நண்பரைப் பார்த்த மாதிரி இருந்தது, அதனால் குறுக்கே வருகிறேன்.

ஒரு குளத்துக்கு இரண்டு மடை. உள்ளே வரும் தண்ணீர் ஒன்று இந்த மடையில் போக வேண்டும், இல்லையென்றால் அந்த மடையில் போக வேண்டும். முதல் மடையின் திறப்பு சி, இரண்டாவதன் திறப்பு ந. முதல் மடையில் எவ்வளவு போகும்? சி ÷ (சி + ந). நிலா எழுதிய சமன்பாட்டில் ஆ-வோடு பெருக்கப்படுவது இந்தப் பங்குதான். ஒரு மடையில் நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன, மறு மடை கீழ்வயிற்றுக்குப் போகிறது. நுண்ணுயிர் தின்று முடிப்பதற்குள் துகள் ஓடிவிடுகிறதா என்கிற பந்தயம். வால்டோவும் உடன் ஆய்வாளர்களும் 1972-இல் செல்லுலோஸுக்கு இதையே எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் மொழியில் ரூமன் என்பது தொடர்ந்து கலக்கப்படும் தொட்டி உலை. சிறுகுடல் அப்படி இல்லை, அது குழாய் உலை. முன்னால் போனது முன்னால், பின்னால் வந்தது பின்னால். பென்ரி, ஜூமார்ஸ் இருவரும் 1987-இல் விலங்குகளின் குடல்களையே இப்படி உலைகளாக வகைப்படுத்தி எழுதினார்கள். நார் மாதிரி மெல்ல உடையும் பொருளை நுண்ணுயிரை வைத்து உடைக்க வேண்டுமென்றால் தொட்டிதான் சரி, ஏனென்றால் குழாயில் நுண்ணுயிர்கள் பெருகுவதற்குள் அடித்துக்கொண்டு போய்விடும்.

எனக்கு ஒரு சந்தேகம். தொட்டி உலைக் கணக்கில் உள்ளே எல்லாம் ஒரே சீராகக் கலந்திருக்க வேண்டும். ரூமன் அப்படியா?

பழைய_ஆய்வகம்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. இல்லை, அப்படி இல்லை. ஃபிஸ்டுலா மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே நீள வைக்கோல் பாய் மாதிரி மிதக்கும், அழுத்தினால் கை உள்ளே போகாது. கீழே கஞ்சி மாதிரி இருக்கும். இப்போது தின்ற வைக்கோல் அந்தப் பாயில் மாட்டிக்கொள்கிறது. மாடு அதை வாய்க்கு எடுத்து, அசைபோட்டு, மறுபடி விழுங்கி, துகள் பொடியாகி, ஊறிக் கனத்துக் கீழே இறங்கினால்தான் வெளியேறும் வரிசையிலேயே நிற்கும். 1.18 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற துகள்களுக்கு வெளியே போவது மிகக் கடினம் என்று பாப்பியும் உடன் ஆய்வாளர்களும் 1980-களின் தொடக்கத்தில் காட்டினார்கள். சாணத்தைச் சல்லடையில் கழுவிப் பாருங்கள், பெரும்பகுதி அதற்குக் கீழேதான் இருக்கும்.

அதனால் ஒரே தொட்டிக்குப் பதில் இரண்டு தொட்டி போடுகிறவர்கள் உண்டு: பெரிய துகள் தொட்டி, அதிலிருந்து அசைபோட்டு நொறுங்கிச் சின்னத் துகள் தொட்டி, அங்கிருந்து வெளியே. எல்லிஸ், மேட்டிஸ் போன்றவர்கள் இதை இன்னும் நயமாக, துகளின் வயது கூடக் கூட வெளியேறும் வாய்ப்பும் கூடும் என்று காமா பரவலாக எழுதினார்கள். நொறுங்கக் காத்திருக்கும் நேரத்திலும் நுண்ணுயிர் வேலை செய்கிறது, எனவே ஒரு தொட்டிக் கணக்கு செரிமானத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும்.

இன்னொன்று, நைலான் பை அசைபோடாது. ஆலையில் 2 மில்லிமீட்டருக்கு அரைத்துப் போட்ட வைக்கோல்தான் உள்ளே இருக்கிறது. இந்தப் பிழை எதிர்த் திசையில் இழுக்கும்.

கட்டுத்தரை

ஐயா, அம்மணி, தம்பி எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் அந்தியூர்ப் பக்கம். ரெண்டு கலப்பினப் பசு வெச்சிருக்கேன். நீங்க பேசற கணக்கு நெம்பப் புரியலைன்னாலும் ரெண்டு மடைன்னு சொன்னது புரிஞ்சுதுங்க.

என்ற பெரிய மாடு 400 கிலோ இருக்கும். மிச்சம் விடற அளவுக்கு வைக்கோல் போடறேன், ஆறரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல திங்குது. கோ-4 புல்லு பத்துக் கிலோ. அடர்தீவனம் மூணு கிலோ, அதுல கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், தவிடு. பால் ஒம்பது லிட்டரு. போன்ல ஒரு செயலி இருக்குது, தீவனத்தைப் போட்டா பால் எவ்வளவுன்னு சொல்லும். அது பதினொண்ணு வரணும்ங்குது. எனக்கு ஒரு வருசமா ஒம்பதுக்கு மேல ஏறவே இல்லைங்க. மாட்டு மேல குத்தமா, என்ற மேல குத்தமான்னு தெரியலை.

யூரியாவுல வைக்கோலை ஊற வெச்சா நல்லதுன்னு சொல்றாங்க. அது எவ்வளவு பிரயோசனப்படும்னு உங்க கணக்குல போட்டுச் சொல்ல முடியுங்களா?

நிலா_கால்நடை

அண்ணா, உங்கள் மாட்டையே எடுத்துக்கொள்கிறேன். ஈரம் கழித்தால் வைக்கோல் உலர்பொருள் சுமார் 6 கிலோ, கோ-4 இல் 2 கிலோ, அடர்தீவனத்தில் 2.7 கிலோ. மொத்தம் 10.7, உடல் எடையில் 2.67%. அடர்தீவனப் பங்கு 25%. வைக்கோல் என்டிஎஃப் 70% என்று வைத்தால் ஐயா கொடுத்த சமன்பாட்டில் 3.28 வருகிறது. அதாவது ந = 0.033. எனக்குத் தேவையான எண் 0.02-உம் இல்லை, 0.05-உம் இல்லை, நடுவில் இருக்கிறது!

0.03 என்று முழுமையாக்கினால் வைக்கோலில் சிதைவது 34.9%. செயலி வைக்கோலுக்கு அட்டவணையில் இருக்கும் ஒரே எண்ணைப் போட்டிருக்கும். அந்த எண் பெரும்பாலும் குறைவாகத் தின்னும் மாடுகளில் அளந்தது. நிறையத் தின்கிற கறவை மாட்டில் அதே வைக்கோல் அவ்வளவு செரிக்காது. உங்கள் மாட்டின் மேலும் குற்றமில்லை, உங்கள் மேலும் இல்லை அண்ணா.

வன்னி_வைத்தியர்

வணக்கம். நான் வவுனியாவில கால்நடை வைத்தியராக இருக்கிறன். எங்கட பக்கமும் வைக்கல்தான் மாட்டுக்குச் சாப்பாடு, அதால இந்த இழையை ஆசையோட வாசிச்சன்.

நிலா தங்கச்சி, உங்கட 'சி' 0.025 எண்டு வந்தது ஃபிஸ்டுலா மாட்டின்ர வயித்துக்குள்ள. அந்த மாடுகளுக்கு நல்ல அடர்தீவனமும் பச்சைப் புல்லும் குடுத்திருப்பியள். அங்க அமோனியா இருக்கு, நுண்ணுயிர் கொழுத்துக் கிடக்கு. எங்கட பக்கத்துச் சனம் காய்ஞ்ச காலத்தில வெறும் வைக்கல் போடுற மாட்டின்ர வயித்துக்குள்ள அதே பையை வைச்சுப் பாருங்கோ, சி நல்லாக் குறைஞ்சு வரும். வைக்கலில புரதம் 3, 4 சதவீதந்தான். முழுச் சாப்பாட்டிலயும் 7 சதவீதத்துக்குக் கீழ போனால் நுண்ணுயிருக்கே பத்தாது. 100 மில்லிலீற்றர் ரூமன் நீரில 5 மில்லிகிராம் அமோனியா நைதரசனாவது இருக்கோணும் எண்டு சாற்றரும் ஸ்லைற்றரும் 1974-இல சொன்னவை. அதுக்குக் கீழ போனால் பந்தயத்தில ஓடுற ஒருத்தன்ர காலைக் கட்டிவிட்ட மாதிரி.

மற்றப் பக்கமும் இருக்கு. மாவுச்சத்தை அள்ளிக் குடுத்தால் அமிலம் ஏறும். ரூமன் பிஎச் 6.2-க்குக் கீழ இறங்கினால் நார் தின்னுற நுண்ணுயிர் சோர்ந்து போகும், அப்பவும் சி குறையும். அண்ணை, அந்த மூண்டு கிலோவை ஒரே நேரத்தில குடுக்கிறியளோ, பிரிச்சுக் குடுக்கிறியளோ?

கட்டுத்தரை

காலைல கறக்கறப்ப ரெண்டு, சாயங்காலம் ஒண்ணுங்க.

வன்னி_வைத்தியர்

அது பரவாயில்லை. இன்னும் ஒருக்கா பிரிச்சால் இன்னும் நல்லம்.

வேதிப்பொறி

யூரியா கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லோரும் செரிமானச் சதவீதம் எவ்வளவு ஏறும் என்று மட்டும் பார்க்கிறார்கள். தொட்டிக் கணக்கில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது.

சீரான நிலையில் தொட்டிக்குள் இருப்பு = மணிக்கு உள்ளே வருவது ÷ வெளியேறும் மொத்த வேகம். அண்ணன் மாட்டுக்கு 6 கிலோ வைக்கோல் என்றால் மணிக்கு 0.25 கிலோ. அதில் சிதையாத 40%, அதாவது 0.1 கிலோவுக்கு ஒரே வழிதான், ந மட்டும். 0.1 ÷ 0.03 = 3.33 கிலோ. சிதையும் 46%, அதாவது 0.115 கிலோவுக்கு இரண்டு வழி. 0.115 ÷ 0.055 = 2.09 கிலோ. இரண்டும் சேர்த்து ரூமனில் எப்போதும் 5.42 கிலோ உலர்ந்த வைக்கோல். தின்ற வைக்கோலில் சிதையாதது 40% தான், ஆனால் வயிற்றில் கிடப்பதில் 61% அதுதான். வயிற்றை அடைத்துக்கொண்டிருப்பது அதுவே!

யூரியா ஊறல் ஆ-வை 54 ஆக்கி, சிதையாததை 32 ஆக்கி, சி-யை 0.035 ஆக்குகிறது என்று வைத்துக்கொள்கிறேன் (இது என் அனுமானம், நிலா சரிபார்க்கவும்). அதே 6 கிலோவுக்கு இருப்பு 2.67 + 2.08 = 4.74 கிலோ. வயிற்றில் இடம் பிறந்துவிட்டது. வயிறு நிரம்பியதால்தான் மாடு நிறுத்துகிறது என்றால், பழையபடி 5.42 நிரம்பும்வரை தின்னும்: 6.86 கிலோ.

சிதைவுச் சதவீதம் 34.9-இலிருந்து 43.1 ஆகிறது, கால்வாசிக்குச் சற்றுக் குறைவான உயர்வு. ஆனால் மாட்டுக்குச் சிதைந்து கிடைப்பது 2.09 கிலோவிலிருந்து 2.96 கிலோ. 41% உயர்வு. சதவீத அட்டவணையை மட்டும் பார்த்தால் பலனில் ஏறக்குறைய பாதி கண்ணுக்கே தெரியாது.

பழைய_ஆய்வகம்

தம்பி, இதைத்தான் வகுப்பில் கரும்பலகையில் போட வேண்டும். ஒரு வேளாண் மாணவன்கூட மறக்க மாட்டான்.

இரண்டு திருத்தம். முதலாவது, நிலாவின் 'அ' 14% முழுக்கச் சத்து இல்லை. பைத் துணியின் துளை 50 மைக்ரான் அளவு. அரைக்கும்போது உண்டாகும் தூசி செரிக்காமலே அந்தத் துளை வழியாகக் கழுவிப் போய்விடும், நாம் செரித்தது என்று எழுதிக்கொள்வோம். அதோடு நெல் வைக்கோலில் சாம்பல் 15% முதல் 20% வரை போகும், பெரும்பாலும் சிலிகா. அது போனாலும் மாட்டுக்கு ஆற்றல் இல்லை. நிலா, எல்லாக் கணக்கையும் கரிமப் பொருளில் (சாம்பல் நீக்கிய எடையில்) ஒருமுறை போடு. பூஜ்ய மணிப் பையை (ரூமனுக்குள் போகாததை) கழுவி, அந்தத் தண்ணீரை வடிகட்டித் தூசியை எடை போட்டுக் கழி.

இரண்டாவது, பால் கணக்கு. கூடுதலாகச் சிதைவது 0.86 கிலோ. அது நுண்ணுயிருக்குப் போகும் ஆற்றல். செரிக்கும் சத்து ஒரு கிலோவுக்கு 130 கிராம் நுண்ணுயிர்ப் புரதம் என்பது 2001 அமெரிக்கக் கணக்கு. 112 கிராம் வருகிறது. அதில் 80% தான் உண்மைப் புரதம், அதிலும் 80% தான் குடலில் செரிக்கும். 72 கிராம். பாலாக மாறும்போது 0.67 திறன், 48 கிராம். லிட்டருக்கு 32 கிராம் புரதம் என்றால் ஒன்றரை லிட்டர். ஆற்றல் பக்கம் பார்த்தால் இரண்டரை லிட்டருக்கு மேல் தாங்கும். எது குறைவோ அதுதான் நடக்கும். ஒன்றரை லிட்டர் என்பது உச்சவரம்பு, வாக்குறுதி இல்லை. செரித்த உலர்பொருளை அப்படியே செரிக்கும் சத்தாக எடுத்துக்கொண்டேன், சாம்பல் கழித்தால் இன்னும் குறையும்.

கட்டுத்தரை அவர்களே, செய்வதானால் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டரை ஒட்டித் தண்ணீர். முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள். பிரித்ததும் ஆறவிட்டுத்தான் போட வேண்டும். யூரியாத் தண்ணீரை மாடு குடிக்க விடாதீர்கள், உயிர் போய்விடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டவே வேண்டாம். முதல் வாரம் பழைய வைக்கோலோடு கலந்து பழக்குங்கள்.

நிலா_கால்நடை

ஐயா, தூசியைக் கழித்தேன். அ 14-இலிருந்து 10.5 ஆகிவிட்டது. இத்தனை நாள் தூசியைச் செரிமானமாக எழுதிவைத்திருந்தேன். ஆய்வேட்டுக்கு எல்லாவற்றையும் கரிமப் பொருளில் திருப்பிப் போடுகிறேன். இந்த இழையில் ஒப்பிட வசதியாகப் பழைய எண்களையே தொடர்கிறோம்.

எனக்கு இன்னொரு கேள்வி. ந கூடினால் வைக்கோல் வீணாகிறது, சரி. ஆனால் கடலைப் பிண்ணாக்கின் புரதத்துக்கு அ 30, ஆ 65, சி 0.12 என்று வைத்துப் பார்த்தால், ந 0.02-இல் 86% ரூமனில் உடைகிறது, 0.08-இல் 69% தான். நகர்வு கூடினால் உடையாமல் குடலுக்குப் போகும் புரதம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. அப்படியானால் வேகமான நகர்வு நல்லதா, கெட்டதா?

பழைய_ஆய்வகம்

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வைக்கோலைக் கேட்டால் கெட்டது. பிண்ணாக்கைக் கேட்டால் நல்லது. நுண்ணுயிரைக் கேட்டால் அதுவும் நல்லது என்றே சொல்லும்: ரூமனில் சும்மா கிடக்கும் நுண்ணுயிரும் உயிரோடு இருக்கவே ஆற்றலைச் செலவழிக்கிறது, சீக்கிரம் கீழே போனால் அந்தச் செலவு மிச்சம். ஐசக்சனும் உடன் ஆய்வாளர்களும் 1975-இல், திரவம் வேகமாக வெளியேறினால் அதே ஆற்றலுக்கு அதிக நுண்ணுயிர் விளைகிறது என்று காட்டினார்கள். எனவே ஒரு எண்ணைத் தனியாக எடுத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

இப்படி எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் பெரிய மாதிரிகள் வந்தன. கலிபோர்னியாவில் டேவிஸில் பால்டுவின் பல பத்தாண்டு உழைத்து, 1987-இல் முழுப் பசுவையும் வகைக்கெழுச் சமன்பாடுகளில் எழுதினார், பெயர் 'மாலி'. டைக்ஸ்ட்ரா குழு 1992-இல் ரூமன் நுண்ணுயிர்களைப் பிரித்து எழுதியது. அவற்றில் சி என்பது மாறிலியே இல்லை. எவ்வளவு நுண்ணுயிர் இருக்கிறது, அமோனியா எவ்வளவு, பிஎச் எவ்வளவு என்பதைப் பொறுத்து அதுவே ஏறி இறங்கும். வன்னி வைத்தியர் கேட்டது அங்கே சமன்பாடாக இருக்கிறது.

எனக்கு அந்த மாதிரிகள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நம் வைக்கோலுக்கும் நம் மாட்டுக்கும் அளந்த எண்கள் இல்லாமல் அதை ஓட்டினால், கடன் வாங்கிய முப்பது எண்கள் உள்ளே போய் ஒரு அழகான விடை வெளியே வரும். அதைவிட, நீ உன் கையால் அளந்த மூன்று எண்ணை வைத்துத் தம்பி போட்ட இரண்டு மடைக் கணக்கை நான் நம்புவேன்.

வேதிப்பொறி

ஒரு சின்ன இடைச்செருகல். மீத்தேனையும் இதே வழியில் கணக்கிடலாமே? ரூமனில் உண்டாகும் அமிலங்களில் அசெட்டேட் ஒரு மோல் உண்டானால் அரை மோல் மீத்தேனுக்கான ஹைட்ரஜன் மிஞ்சுகிறது, பியூட்ரேட்டுக்கும் அரை, புரோப்பியோனேட் கால் மோல் அளவுக்கு ஹைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது. அசெட்டேட், புரோப்பியோனேட், பியூட்ரேட் 65:20:15 என்றால் 100 மோல் அமிலத்துக்கு 35 மோல் மீத்தேன்.

நிலா_கால்நடை

ஆமாம், மற்ற நுண்ணுயிர் வழிகளை விட்டுவிட்டால் சரியாகவே வரும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே வைக்கோலோடு நிற்போம்.

கட்டுத்தரை

(இழை ஒன்றரை மாதம் அமைதியாக இருந்த பிறகு)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஐயா சொன்ன மாதிரியே 300 கிலோ வைக்கோல் ஊற வெச்சேன். 21 நாள் கழிச்சுப் பிரிச்சேன். மூக்கைப் புடிக்கற வாசம். ஆனா தார்ப்பாய் ஒரு ஓரத்துல கிழிஞ்சு போயி, அந்தப் பக்கம் வைக்கோல் நெறமே மாறலை, வாசமும் இல்லை. அதையும் சேத்துத்தான் போட்டேன், வீணாக்க மனசு வரலைங்க.

ஈரத்தைக் காயவெச்சு எடை பாத்து எழுதினேன். முன்னால 6 கிலோ உலர்பொருள் தின்ன மாடு இப்ப 6.5 திங்குது. பால் 9-ல இருந்து 9.9. அடர்தீவனம், புல் ரெண்டையும் மாத்தலை. 1.5 லிட்டர் ஏறும்னு நெனச்சேன், அவ்வளவு வரலை. ஆனா ஒரு வருசமா ஏறாத பாலு ஏறுச்சு. சாணியும் முன்ன மாதிரி நாரு நாரா இல்லைங்க.

நிலா_கால்நடை

அண்ணா, நீங்கள் எழுதிய எண்களைப் பார்த்ததும் உட்கார்ந்து கணக்கைப் பின்னாலிருந்து போட்டேன்.

வயிற்று நிரம்பல் அதே 5.42 என்றும், சிதையாத பகுதி 32 என்றும் வைத்துக்கொண்டு, மாடு 6.5 கிலோ தின்ன வேண்டுமானால் சி எவ்வளவு இருக்க வேண்டும் என்று தீர்த்தேன். 0.0277 வருகிறது. தம்பி போட்ட 0.035 இல்லை. அந்தச் சி-க்குச் சிதைவு 39.9%, கிடைப்பது 2.59 கிலோ, கூடுதல் அரைக் கிலோ. ஐயாவின் வழியில் நுண்ணுயிர்ப் புரதம், குடல், பால் என்று போனால் 0.87 லிட்டர். நீங்கள் கண்டது 0.9!

தின்ற அளவை மட்டும் வைத்துத்தான் தீர்த்தேன். பாலை நான் உள்ளே போடவே இல்லை. ஆனாலும் பால் அங்கேயே வந்து நிற்கிறது. கை நடுங்கியது, உண்மையாகவே.

பழைய_ஆய்வகம்

நிலா, உன் சந்தோஷம் எனக்கும் இருக்கிறது. அதனால்தான் இதையும் சொல்கிறேன். ஒரு மாடு. ஒப்பிட இன்னொரு மாடு இல்லை. ஒன்றரை மாதத்தில் கறவை தானாகவே சற்று இறங்கியிருக்கும், எனவே உண்மையான உயர்வு 0.9-ஐ விடக் கூட இருக்கலாம். மாடு மெலிந்திருந்தால் கிடைத்ததில் ஒரு பங்கு உடம்பில் ஏறியிருக்கும். ஊறல் வைக்கோலில் தங்கிய நைட்ரஜன் வேறு நுண்ணுயிருக்கு உதவியிருக்கும், அதை நீ கணக்கில் எடுக்கவில்லை. நுண்ணுயிர்ப் புரதத்துக்கு நான் கொடுத்த 130 உச்சவரம்பு. இத்தனை பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 0.87-இல் வந்து நிற்கலாம்.

தார்ப்பாய் கிழிந்ததால் சி குறைந்தது என்று நீ நினைக்கலாம். அதே 6.5 கிலோ, சி 0.035-ஆகவே இருந்து மாடு வேறு காரணத்தால் நிறுத்தியிருந்தாலும் வரும். இரண்டையும் பிரித்துச் சொல்ல உன்னிடம் ஒரு வழி இருக்கிறது, என்ன என்று உனக்கே தெரியும்.

நிலா_கால்நடை

தெரியும் ஐயா. அண்ணா, கிழிந்த பக்கம், நல்ல பக்கம் இரண்டையும் நீங்கள் போட்ட அதே விகிதத்தில் கலந்து ஒரு கிலோ அனுப்ப முடியுமா? காற்றாட உலர்த்தி, துணிப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும்.

கட்டுத்தரை

நாளைக்கே பார்சல்ல போட்டுடறேன் அம்மணி. ரெண்டையும் தனித்தனியா ஒரு பொட்டலம் வேணாலும் சேத்து அனுப்பறேன்.

நிலா_கால்நடை

தனித்தனியாகவும் வந்தால் ரொம்ப நல்லது அண்ணா.

*

பார்சல் இன்று வந்தது. மூன்று பொட்டலமும் அரைத்தாகிவிட்டது. இந்த முறை பூஜ்ய மணிப் பைகளின் தூசியைத் தனியாக வடிகட்டுகிறேன். காலை ஏழு மணிக்குப் பைகளை உள்ளே விட்டோம்.

முடிவு வருவதற்கு முன்பே இங்கே எழுதிவைக்கிறேன். கலவை வைக்கோலின் 24 மணிப் பையில், தூசியைக் கழிக்காத பழைய கணக்கில், குறைவு 40%-ஐ ஒட்டி வந்தால் சி 0.0277 சரி, தார்ப்பாய்தான் காரணம். 45%-ஐ ஒட்டி வந்தால் சி 0.035, வயிறு நிரம்பித்தான் மாடு நிறுத்தியது என்ற எங்கள் அடிப்படையே தவறு, வேறு காரணம் தேட வேண்டும். ஊறவைக்காத வைக்கோலுக்கு இதே நேரத்தில் 34.8%.

24 மணிப் பைகள் நாளைக் காலை ஏழு மணிக்கு வெளியே வரும். 72 மணிப் பைகள் வெள்ளிக்கிழமை.

கட்டுத்தரை

நாளைக்குக் காலைல கறந்து முடிச்சதும் வந்து பாக்கறனுங்க.